குடியை நிறுத்த எங்கே சேர்ப்பது? கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். கணவருக்கு 38 வயது, லோடு வண்டி ஓட்டுகிறார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறதாம். மாமியார் கோயிலில் கயிறு கட்டலாம் என்கிறார். கொழுந்தனார், வேன் அனுப்பி ஆளை ஏற்றிக்கொண்டு போகும் மையம் ஒன்றைச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் "ஜிப்மருக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்கிறார்கள். கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்: "நகையை ஒரு தடவைதான் அடகு வைக்க முடியும் அக்கா. எதுக்காக வைக்கட்டும்?"

இதே கேள்வியோடு நானும் ஆறு வருடம் அலைந்திருக்கிறேன், என் தம்பிக்காக. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தோம், கயிறு உட்பட. எதையும் விடவில்லை, ஆனால் எதை முதலில் செய்ய வேண்டுமோ அதைக் கடைசியில் செய்தோம். அந்த வரிசைத் தப்பு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது. தம்பி சபரிமலைக்கு மாலை போட்டான். முந்தின நாள் ராத்திரிவரை குடி. மாலை போட்ட காலையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா பாயசம் வைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது, பாயில் உட்கார்ந்து விரிப்பிலிருந்து எதையோ விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசல் பக்கம் போட்டுக்கொண்டிருந்தான். "எறும்புக்கா, பாரேன், எவ்ளோ எறும்பு" என்றான். விரிப்பில் ஒன்றுமே இல்லை. கறுப்பு வேட்டி வியர்வையில் நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்து "இவரு யாரு?" என்று கேட்டான். சாமி குத்தம் என்றார் ஒருவர். விபூதி பூசினோம். அன்று ராத்திரி வலிப்பு வந்தது.

அது சாமி குத்தம் இல்லை என்று மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டோம். வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரின் மூளை, சாராயம் தரும் மந்தத்துக்கு ஈடுகட்டித் தன்னை எப்போதும் முறுக்கியே வைத்திருக்கும். சாராயத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சி நிற்கும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். இதை டெலிரியம் என்கிறார்கள். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். குடிக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம், அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"மாலை போட்டா நிறுத்துறாரே, அப்போ இது நோய் இல்லையே, திமிர்தானே?" என்று கேட்காத வீடு கிடையாது. மாலை போட்டு 48 நாள் நிறுத்துகிறவருக்கு விட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இருமுடி இறக்கி வந்த வாரமே பழையபடி ஆகிவிடுவதும் அதே ஆள்தான். ஆசை இருக்கும் அந்த நாட்களை வைத்தியத்தோடு சேர்த்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார், உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர்தான் என்று அதில் இருக்கிறது. நம் தெருவில் யோசனை சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு நேரில் பார்த்த அனுபவம் இருக்கும் என்று இதை வைத்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நிறுத்தும் வாரம் எவ்வளவு ஆபத்தானது? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா? மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, வயிறு வீக்கம், தலையில் அடி உண்டா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால்கூட, முதல் வாரம் மருத்துவர் ராத்திரியும் இருக்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும். மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

குடியோடு வேறு மனநோய் இருக்கிறதா? நிறைய பேர் தூக்கம் வராமலும் மனச்சோர்வு தாங்காமலும் குடிக்கத் தொடங்கியவர்கள். சிலருக்குக் காதில் குரல் கேட்கும், மனைவி மேல் அளவில்லாத சந்தேகம் வரும். இவர்களைக் குடிக்கு மட்டும் பார்த்து அனுப்பினால் திரும்பவும் குடியில்தான் வந்து நிற்பார்கள். "செத்துப் போறேன்" என்று அடிக்கடி சொல்கிறார் என்றால் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அவருக்குச் சம்மதமா? முழு மனசோடு வேண்டும் என்றில்லை, "சரி, வந்து பார்க்கிறேன்" என்ற அளவு போதும்.

செலவு. ரூம் வாடகையும் மருந்தும் மட்டும் செலவில்லை. கூட இருப்பவரின் கூலி, பஸ், வட்டி எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

வெளியே வந்த பிறகு யார் பார்ப்பார்கள்? என்னைக் கேட்டால் முதல் கேள்விக்கு அடுத்து இதுதான் முக்கியம். உடம்பிலிருந்து சாராயம் இறங்க ஒரு வாரம், பத்து நாள் போதும். திரும்பக் குடிப்பது பெரும்பாலும் அடுத்து வரும் மாதங்களில்தான். அந்த மாதங்களில் எந்த மருத்துவரிடம், எந்தக் கிழமை, எந்த பஸ்ஸில் போவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து சேர்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். சேர்ப்பது எங்கே என்று மூன்று மாதம் சண்டை போட்டோம், வந்த பிறகு என்ன செய்வது என்று மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை.

## அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு

நம் பக்கத்தில் இதற்குக் குறைவில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்றிருந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக ஆகியிருக்கும் மருத்துவமனை, விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம் என்பதால் கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களும் வழக்கமாகப் போகும் இடம். இது தவிர மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று கடலூர் தலைமை மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

இதன் பெரிய பலம், உடம்பைப் பார்க்கும் மருத்துவரும் மனசைப் பார்க்கும் மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பது. தம்பிக்கு வலிப்பு வந்த ராத்திரி அவனுக்குத் தேவைப்பட்டது நரம்பு ஊசி, ரத்தப் பரிசோதனை, லிவர் எப்படி என்று பார்க்கும் ஆள். முதலில் தயமின் ஊசி போட்டார்கள், பி1 வைட்டமின்தான். குடிப்பவர்களுக்கு இந்தச் சத்து அடியோடு குறைந்திருக்கும். அது இல்லாமல் நேரே குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நடுங்கிக்கொண்டு வருகிறவருக்குத் தெம்பு வரட்டும் என்று ஊர் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அங்கே போக நேர்ந்தால் "சார், இவர் தினமும் குடிக்கிறவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

அங்கே ஒரு இளம் டாக்டர் தம்பியிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "எவ்வளவு குடிப்பீங்க?" என்று அவர் தொடங்கவில்லை. "ஒரு நாள்ல முதல் வாய் எத்தனை மணிக்கு?" என்றார். தம்பி தலையைக் குனிந்து "அஞ்சரை சார்" என்றான். திட்டு வாங்கத் தயாராக இருந்தான். அவர் எழுதிக்கொண்டு, "தூக்கம் எப்படிண்ணா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த "அண்ணா"வுக்காகவே அவன் அடுத்த வாரமும் வந்தான் என்று நான் நம்புகிறேன்.

இலவசம் என்றாலும் செலவு இல்லை என்று நினைக்காதீர்கள். உள்நோயாளியாகச் சேர்த்தால் கூட ஒருவர் ராத்திரி பகலாக இருந்தாக வேண்டும். அவர் கூலி வேலைக்காரர் என்றால் அத்தனை நாள் கூலி போச்சு. ஓ.பி. என்றால் காலையிலேயே போய் வரிசையில் நின்று, திரும்பும்போது பிற்பகல் ஆகிவிடும். மாதத்தில் இரண்டு முறை என்றால் இரண்டு நாள் வேலை. எல்லா மருந்தும் எல்லா நாளும் மருந்தகத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, சிலதை வெளியில் வாங்க நேரும். படுக்கை காலி இல்லை என்றால் காத்திருக்க வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு செலவு உண்டு, அதை எந்த மருத்துவமனை நோட்டீசிலும் பார்க்க முடியாது. புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை, கன்னியகோவில் வழியாகத்தான் போக வேண்டும். எல்லையைத் தொட்டதும் இரண்டு பக்கமும் சாராயக் கடை வரிசை, அதுவும் நம்மூரைவிட மலிவாக. குடியை விட மருந்து வாங்கப் போகிறவரை அந்த வழியாகத்தான் தனியாக அனுப்புகிறோம். தம்பி முதல் மூன்று மாதம் ரெட்டிச்சாவடி வந்ததும் கண்ணை மூடிக்கொள்வான். தவளக்குப்பம் வந்ததும் நான் தோளில் தட்டுவேன். ஒருநாள் எனக்கு வேலை இருந்தது, அவன் தனியாகப் போனான், கன்னியகோவிலில் இறங்கிவிட்டான். அதனால் சொல்கிறேன், முதல் மூன்று மாதமாவது யாராவது கூடப் போங்கள். முடியாதென்றால், ஜிப்மரில் சேர்த்து முடித்த பிறகு தொடர் சிகிச்சையைக் கடலூரிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தவர், காமாலை உள்ளவர், கையில் காசு இல்லாதவர் என்றால் யோசிக்காமல் இங்கே போகலாம்.

## தனியார் மனநல மருத்துவமனை

இங்கே கிடைப்பது நேரம், மறைவு, ஒரே மருத்துவர். போன அன்றே பார்ப்பார்கள். அடுத்த முறையும் அதே டாக்டர்தான் இருப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். பெண்கள் குடிப்பதைப் பற்றி நம் ஊரில் பேசுவதே இல்லை, அவர்களும் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பு நியாயமானது. அவர்களுக்குத் தனியார் இடத்தின் தனி அறை பெரிய உதவி. ஆசிரியர், வங்கிக்காரர் மாதிரி லீவு எண்ணி எடுப்பவர்களுக்கும் இது ஒத்துவரும்.

கேட்க வேண்டியதைச் சேர்க்கும் முன்பே கேளுங்கள். ராத்திரி டாக்டர் இருக்கிறாரா, இல்லை போனில்தானா? வலிப்பு நிற்காவிட்டால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்? ஒரு நாளுக்குச் சொல்லும் தொகையில் டாக்டர் ஃபீஸ், லேப், மருந்து, கவுன்சலிங் எல்லாம் அடக்கமா? எங்களுக்கு ஒரு இடத்தில் சொன்ன தொகை ஒன்று, பில் வந்தது வேறு, "லேப் தனி மேடம்" என்றார்கள். என் இரண்டு வளையலும் அங்கேதான் போயின.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. மனநோய்க்கும் மற்ற நோய்கள் மாதிரியே காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில், குடி மற்றும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு தனியாக இருக்கும். மனச்சோர்வுக்குக் கிடைக்கும் பணம் குடிக்குக் கிடைக்காமல் போகலாம். பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பக்கத்தைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை. கடலூர் புதுச்சேரி சாலையிலேயே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி என்றாலே மனநலப் பிரிவு உண்டு, பொது மருத்துவமும் அங்கேயே உண்டு. தனி மருத்துவமனை அளவு செலவாகுமா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

## மறுவாழ்வு மையம்

என் தம்பிக்கு நாங்கள் செய்த இரண்டாவது காரியம் இது. விடியற்காலை நாலு மணிக்கு வேன் வந்தது. நான்கு பேர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவனை லுங்கியோடு தூக்கிப் போனார்கள். "அக்கா, என்னை எங்கக்கா அனுப்புற?" என்று கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. மூன்று மாதம், முழுப் பணமும் முன்னாலேயே கட்டினோம். பத்து நாளுக்கு ஒருமுறை போனில் இரண்டு நிமிடம் பேசவிட்டார்கள், பக்கத்தில் ஆள் நிற்கும். டாக்டர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்தவன் கொழுகொழு என்று இருந்தான். முதுகில் இரண்டு தழும்பும் இருந்தது. வந்த அன்று சாயங்காலமே குடித்தான். குடிக்கக் காரணம் கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் பேசினான், அதற்கப்புறம் ஒரு வருடம் என்னை நம்பவில்லை. இந்தப் பணத்தைத் திரும்பச் சம்பாதித்துவிட்டோம். அந்த ஒரு வருடத்தைச் சம்பாதிக்க முடியவில்லை.

அதற்காக எல்லா மையமும் இப்படி என்று சொல்வது பெரிய தப்பு. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை மாதிரி, மருத்துவர், ஆலோசகர், குடும்பத்துக்கான வகுப்பு என்று முறையாக நடக்கும் இடங்கள் இருக்கின்றன. மத்திய சமூக நீதித் துறையின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் இலவசமாக நடத்தும் மையங்களும் உண்டு. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்டால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள். நல்ல மையத்தில் கிடைக்கும் ஒரு விஷயம் மருத்துவமனை வார்டில் கிடைக்காது: குடியிலிருந்து மீண்ட இன்னொருவர் பக்கத்தில் இருந்து பேசுவது, காலையில் எழுந்து பாயைச் சுருட்டுவதிலிருந்து ஒரு ஒழுங்கு, குடிக்காமல் ஒரு சாயங்காலத்தைக் கழிக்கப் பழகுவது. வீட்டில் அப்பா, அண்ணன் எல்லோரும் குடிப்பவர்கள், மூன்று நான்கு முறை நிறுத்தித் திரும்ப விழுந்தவர் என்றால், மருத்துவமனையில் உடம்பு தேறிய பிறகு இங்கே சில வாரம் இருப்பது நல்லது. அந்த "பிறகு" முக்கியம். நடுக்கத்தோடு இருப்பவரை நேரே இங்கே அனுப்பாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குடியால் வரும் மனநிலைப் பாதிப்பும் 2017 சட்டத்தில் மனநோய்க்குள்தான் வருகிறது. இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சொந்தச் சம்மதத்தில் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். மதிப்பீட்டுக்காக மருத்துவர் 24 மணி நேரம்வரை நிறுத்திவைக்க மட்டும் இடமுண்டு. தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை, நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேசச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பம் தந்து, இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சான்று தந்தால் 30 நாள்வரை சேர்க்கலாம். குடும்பம் கையெழுத்துப் போட்டது என்பதற்காக ஒருவரை மூன்று மாதம் பூட்டி வைக்க யாருக்கும் உரிமையில்லை. சங்கிலி போடக் கூடவே கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் எரிந்து போனதை நம் தலைமுறை மறக்கக் கூடாது.

அதனால் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மனநல மருத்துவர், எந்த நாள் வருவார் என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர் ஒருவரோடு, பக்கத்தில் யாரும் இல்லாமல் ஐந்து நிமிடம் பேச விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் பணத்தை எண்ணாமல் திரும்பி வாருங்கள்.

## வீட்டில் இருந்தபடியே ஓ.பி. சிகிச்சை

நம்மவர்கள் நினைத்தே பார்க்காத வழி இது. ஆனால் பலருக்கு இதுவே போதும். சாயங்காலம் மட்டும் குடிப்பவர், காலை நடுக்கம் பெரிதாக இல்லாதவர், வலிப்பு வராதவர், வீட்டில் பொறுப்பாக ஒரு ஆள் இருப்பவர் என்றால், மனநல மருத்துவர் ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதித் தந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். மாத்திரை வீட்டு ஆள் கையில்தான் இருக்க வேண்டும், நாளுக்கு நாள் எண்ணித் தர வேண்டும். அதுவும் பழக்கமாகக்கூடிய மருந்துதான். அதன் மேல் குடித்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு.

அதன் பிறகு ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரி. லிவரும் கிட்னியும் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் எது என்று முடிவு செய்வார்கள். வெளியில் மாதாமாதம் வாங்கினால் இதுவும் ஒரு செலவு. ஆனால் ஒரு மாதக் குடிச்செலவைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இதன் மறைந்த செலவு மனைவியின் தலையில் விழுவது. மாத்திரை தரும் நர்ஸ், காவல்காரி, சமையல்காரி எல்லாம் அவரே. அடி உதை இருக்கும் வீட்டில் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ஏஏ கூட்டம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடிப் பேசும் கூட்டம். 1935இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீண்ட இரண்டு பேரிடமிருந்து தொடங்கியது. கட்டணம் கிடையாது, பெயரை முழுசாகச் சொல்ல வேண்டாம். இது சிகிச்சைக்குப் பதில் இல்லை, சிகிச்சைக்குப் பிறகு வரும் சாயங்காலங்களுக்கு. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. முதல் முறை போய் நான் பேசாமல் அழுதுவிட்டு வந்தேன். யாரும் அறிவுரை சொல்லவில்லை, டீ கொடுத்தார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அரசு மனநலப் பிரிவு | தனியார் மருத்துவமனை | மறுவாழ்வு மையம் | வீட்டிலிருந்து ஓ.பி. |
|---|---|---|---|---|
| வலிப்பு, குழப்பம் வந்தவர் | சரியான இடம் | ராத்திரி டாக்டர் இருந்தால் மட்டும் | வேண்டாம் | வேண்டாம் |
| வேறு மனநோயும் உண்டு | சரி | சரி | மனநல மருத்துவர் வந்தால் மட்டும் | மருத்துவர் முடிவு |
| சொல்லும் செலவு | மிகக் குறைவு | அதிகம் | இலவசம் முதல் அதிகம் வரை | குறைவு |
| சொல்லாத செலவு | உடனிருப்பவர் கூலி, காத்திருப்பு | லேப், மருந்து, காப்பீட்டு விலக்கு | தப்பான இடம் என்றால் அவர் நம்பிக்கை | மனைவியின் உழைப்பு |
| பிறகு தொடர்வது | நாள் குறித்து வர வேண்டும் | எளிது, பணம் இருக்கும்வரை | பெரும்பாலும் நாமே பார்க்க வேண்டும் | எளிது |

## ஒளித்துக் கொடுக்கும் மருந்து

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் வருகிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. டைசல்ஃபிராம் என்ற மருந்து ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், இதய நோயாளி என்றால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம்வரைகூட இப்படி ஆகலாம். தெரிந்து, சம்மதித்து, கையெழுத்துப் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு இது நல்ல வேலி. தெரியாமல் கலந்தால் விஷம். விளம்பரப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது.

கயிறு கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். அவருக்கு அதில் நம்பிக்கை இருந்தால் கட்டிக்கொள்ளட்டும். ஆனால் மருத்துவமனை சீட்டு கையில் வந்து, முதல் வாரம் கடந்த பிறகு கட்டுங்கள்.

## பண்ருட்டித் தங்கைக்கு

நகையை இப்போதைக்கு எதற்கும் வைக்க வேண்டாம் அம்மா. காலையிலேயே நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் முன்பு நிறுத்தியபோது ஒருமுறை வலிப்பு வந்தது என்றும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி போதும். வேன் வேண்டாம், வீட்டில் நிறுத்துவதும் வேண்டாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து பெரிய இடத்துக்கு எழுதித் தந்தால் அங்கே போங்கள். சேர்ந்து தேறிய பிறகு, ஓ.பி.யை உங்களுக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டாத பஸ்ஸாக இருக்கட்டும்.

மருத்துவமனைக்குப் போகிறோமே, சுத்தமாகப் போகட்டும் என்று முந்தின நாளே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இவர் மாதிரி ஆளுக்கு நிறுத்துவது அங்கே போய்த்தான் நடக்க வேண்டும். சண்டை போட்ட ராத்திரியில் பேச்சை எடுக்காதீர்கள். விடியற்காலை நடுக்கத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, "இந்த நடுக்கத்துக்கு ஒரு மருந்து வாங்கிட்டு வரலாம், நானும் வர்றேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். என் தம்பி கடைசியில் அந்த வார்த்தைக்குத்தான் எழுந்து சட்டை போட்டான்.

கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைக்கு எவ்வளவு, வலிப்பு வந்த மாதம், சாப்பிடும் வேறு மாத்திரைகள், இத்தனையும் எழுதி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு லுங்கி, ஒரு போர்வை. உங்களுக்கும் மாற்றுப் புடவை ஒன்று, அங்கே தங்க வேண்டி வரும். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று இன்றைக்கே பேசிவிடுங்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம் இருக்கும். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புங்கள்.